செவலை வளர்த்த கறுப்புப் பிள்ளை

எங்கள் தோட்டத்தில் பால் என்று சொன்னால் அது ரப்பர் மரத்துப் பால்தான். மாடு கறப்பதை மாட்டுப்பால் என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பான்காரர்கள் வந்ததும் முதலில் மரத்துப் பால் நின்றது. வெள்ளைக்காரத் துரை பங்களாவையும் நாற்காலிகளையும் அப்படியே போட்டுவிட்டுக் கப்பலைப் பிடிக்க ஓடினார். பால் கொட்டகையைப் பூட்டினார்கள். நன்றாகப் பால் தந்துகொண்டிருந்த மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு அந்த இடத்தில் மரவள்ளி நடச் சொன்னார்கள். கொஞ்ச காலம் கழித்து மாட்டுப்பாலும் நின்றது. நான் சொல்லப்போவது அந்த இரண்டாவது பாலைப் பற்றி.

தோட்டம் பெடாஸ் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி, செம்மண் பாதை முடிகிற இடத்தில் இருந்தது. நான் கல்யாணமாகி அங்கே போய் அதிக நாள் ஆகவில்லை. வீட்டில் மாமனார், என் கணவர், நான், கைக்குழந்தையாக என் மூத்த மகன். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கணவர் கரியில் ஓடும் லாரியில் எடுபிடியாக இருந்தார். பெட்ரோல் கிடைக்காத காலம் அது. லாரியின் முதுகில் ஒரு பெரிய அடுப்பைக் கட்டி, அதில் கரியைக் கொட்டி எரித்துக்கொண்டே ஓட்டுவார்கள். கரி கொட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதால்தான் அவரைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகவில்லை. வீட்டுக்கு வரும்போது பற்கள் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும்.

மாமனாருக்கு உலகத்தில் இரண்டே பற்று. ஒன்று முருகன். மற்றது செவலை. செவலை எங்கள் பசு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, ஒரு கொம்பு மேலே பார்க்கும், இன்னொன்று பக்கத்து வீட்டைப் பார்க்கும். அதன் பாலில் முதல் செம்பு, எங்கள் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக் கோயிலுக்குப் போகும். அதன் பிறகுதான் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கும், தோட்டத்து வாசலில் டீக்கடை வைத்திருந்த பாய்க்கும். வெள்ளிக்கிழமை அபிஷேகத்தில் பால் வழிவதைப் பார்க்கும்போது மாமனார் தாமே சாமியைப் பெற்று வளர்த்ததைப்போல நிற்பார்.

அந்தச் செவலையின் கன்று ஒருநாள் கசப்பு மரவள்ளித் தோலைத் தின்றுவிட்டது. யாரோ கூடையில் வெளியே கொட்டி வைத்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் வாயில் நுரை தள்ளிச் செத்துப்போனது. செவலை மூன்று நாள் கத்தியது. லயத்தில் யாருக்கும் தூக்கமில்லை. நான்காம் நாள் கத்துவதை நிறுத்தியது. அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. மாமனார் மடியைக் கழுவி, தட்டிக் கொடுத்து, பாடிப் பார்த்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை.

ஊர் வழக்கப்படி அவர் கன்றின் தோலைக் காயவைத்து, உள்ளே லாலாங் புல்லைத் திணித்து, சாக்கு ஊசியால் தைத்து ஒரு பொம்மைக் கன்று செய்தார். அதற்குக் கால்கள் ஒரே அளவாக அமையவில்லை. எந்தப் பக்கம் சாய்த்து வைத்தாலும் குடித்துவிட்டு வந்தவனைப்போல நின்றது. செவலை அதை முகர்ந்து பார்த்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். பிறகு வயிற்றுத் தையலில் நீட்டிக்கொண்டிருந்த புல்லைப் பல்லால் இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. மாமனார் எழுந்து போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கும் அப்போது பால் வற்றிவிட்டிருந்தது. மூன்று வேளையும் மரவள்ளி தின்றால் உடம்பில் என்ன ஊறும்? டின் பாலைக் கடைகளில் கண்டு வெகு காலம். மகனுக்கு அரிசிக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். அந்த அரிசிக்கே என் கணவர் லாரி ஓடும் ஊரெல்லாம் கெஞ்ச வேண்டியிருந்தது. குழந்தை அழுகிற சத்தம் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. பக்கத்து வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவள் புருஷனைச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் குழந்தைக்கும் இதே கதி.

இப்படி இருக்கையில் ஒரு காலை மாமனார் மாட்டுக் கொட்டாயிலிருந்து வந்தார். கையில் செம்பு. செம்பில் பால். நுரையோடு.

எப்படி மாமா என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். முருகனுக்கு வேண்டிக்கொண்டதாகவும், திருநீறு பூசியதாகவும், இனிமேல் கறக்கிற நேரத்தில் யாரும் கொட்டாய்ப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு ஆகியிருப்பதாகவும் சொன்னார். யார் உத்தரவு என்று நான் கேட்கவில்லை. மாமனாரிடம் அப்படியெல்லாம் கேட்கிற காலம் இல்லை அது. அன்றே கொட்டாய் வாசலில் சாக்குத் துணியால் ஒரு படுதா தொங்கியது.

செய்தி லயம் முழுக்கப் பரவியது. வற்றிய மடியில் பால் வரவழைத்த மனிதர் என்று மாமனாருக்குப் பெயர் வந்துவிட்டது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் தம் வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு வந்து, அதற்கும் கொஞ்சம் திருநீறு போட்டுவிடச் சொன்னார். மாமனார் எவ்வளவோ நழுவிப் பார்த்தார். மண்டோர் விடவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டின் நெற்றியில் பூசினார். அவருடைய போதாத காலம், அந்த ஆடு மறுநாள் கூடுதலாகக் கறந்தது. அதற்கப்புறம் வேலை முடிந்து வருகிறவர்கள் அவரைக் கண்டால் தலைத்துண்டை எடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அவர் முகத்தில் மட்டும் சந்தோஷத்தைக் காணோம்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. கறந்த பால் எங்கள் வீட்டுக்கு வந்தது, பக்கத்து வீட்டுக்குப் போனது, குழந்தை உள்ள மற்ற வீடுகளுக்கும் போனது. கோயிலுக்குப் போகவில்லை. பாய் கடைக்கும் போகவில்லை. கோயில் பூசை செய்யும் பண்டாரம் வந்து கேட்டபோது, பால் பத்தவில்லை என்று மாமனார் தரையைப் பார்த்துச் சொன்னார். பாய் வந்து கேட்டபோதும் அதே தரையைத்தான் பார்த்தார். பாய் வருத்தத்தோடு திரும்பினார். முருகனுக்கு வேண்டி வந்த பாலை முருகனுக்கே ஏன் கொடுக்கவில்லை? முருகனும் பாயும் ஒன்றாகச் சேர்ந்து இவருக்கு என்ன செய்தார்கள்? அடுப்பு ஊதும்போதெல்லாம் இதையே யோசித்தேன்.

ஒரு நாள் காலையில் அவர் கறக்கிற செம்பை மறந்துவிட்டு, தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகன் பசியில் கத்திக்கொண்டிருந்தான். நான் உத்தரவை மறந்து, செம்போடு போய்ப் படுதாவை விலக்கினேன்.

செவலை நின்றுகொண்டிருந்தது. அதன் ஒரு பக்கத்தில் மாமனார் குந்தி உட்கார்ந்து மெல்லிய குரலில் முருகன் பாட்டுப் பாடிக்கொண்டே கறந்துகொண்டிருந்தார். மறுபக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டி கவிழ்த்து வைத்திருந்தது. பெட்டியின் மேல் ஒரு கறுப்புப் பன்றிக்குட்டி நின்றது. பின்னங்காலில் எம்பி, கண்ணை மூடிக்கொண்டு, காம்பைப் பற்றிச் சப்பிக்கொண்டிருந்தது. வால் சுருள்வதும் நிமிர்வதுமாக இருந்தது. செவலை தலையைத் திருப்பி அதன் முதுகை நக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நக்குக்கும் குட்டி பெட்டியிலிருந்து சறுக்கும்; மாமனார் பாட்டை நிறுத்தாமல் இடது கையை மடிக்கு அடியில் நீட்டி அதைத் திரும்பப் பெட்டியில் ஏற்றுவார்.

என்னைப் பார்த்ததும் பாட்டு நின்றது.

“சாக்க மூடிட்டு உள்ள வா தாயி,” என்றார்.

கோயிலுக்கும் பாய்க்கும் ஏன் பால் போகவில்லை என்று எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் நடந்ததைச் சொன்னார். ஓடைக்கு அந்தப் பக்கம் மலைச்சரிவில் ஒரு சீனம்மா காய்கறி போட்டு, பன்றி வளர்த்துக்கொண்டிருந்தார். ஜப்பான் சிப்பாய்கள் போய்த் தாய்ப்பன்றியையும் குட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை லயத்தில் எல்லோரும் பார்த்திருந்தோம். எப்படியோ ஒரு குட்டி தப்பி, ஓடையில் விழுந்து, எங்கள் கொட்டாய்க்குள் வந்திருக்கிறது. மாமனார் காலையில் போய்ப் பார்க்கும்போது செவலை ஒருக்களித்துப் படுத்துக் காலை நீட்டிக்கொண்டிருந்ததாம். பசு அப்படிப் படுத்து அவர் பார்த்ததில்லை. மடியண்டை இது. நின்றால் குட்டிக்கு எட்டாது என்று அதுவாகவே படுத்திருக்கிறது.

“கம்ப எடுத்தேன். எடுக்காம இருப்பனா? பன்னி. நம்ம கொட்டாயில. இவ எந்திரிக்கவே இல்ல, தலைய மட்டும் தூக்கி, கம்புக்கும் அதுக்கும் நடுவுல வச்சுக்கிட்டா. அடிக்கிறதுன்னா என்ன அடின்னு சொல்ற மாதிரி. அப்பத்தான் பாத்தேன், மத்த காம்புலேருந்து பாலு தானா சொட்டுது. மண்ணுல போவுது. நம்ம புள்ள அங்க கஞ்சித்தண்ணிக்கு அழுவுது. நான் என்ன செய்ய? செம்பப் புடிச்சேன்.”

படுத்தபடியே கறப்பது சிரமமாக இருந்ததால் அவர்தான் பெட்டியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். குட்டி பெட்டியில் ஏறினால்தான் செவலை பாலை இறக்கும். பெட்டி காலியாக இருந்தால் மடி கல்லாகிவிடும்.

அவர் இதைப் பற்றி நிறைய யோசித்து வைத்திருந்தார் என்று தெரிந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பெருமாளு பன்னியா வந்தவருதானே. நம்ம சாமி இல்லதான். ஆனா முருகனுக்குத் தாய்மாமன். மருமவன் வூட்டுக்குப் போவ வேண்டிய பாலு, மாமன் குடிக்கிறாரு. சொந்தத்துக்குள்ள தான.”

இவ்வளவு தெளிவாக இருந்தால் கோயிலுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருக்கே அந்தத் தெளிவு கொட்டாய்க்குள் இருக்கும் வரைதான் நின்றது. வெளியே வந்தால் தரையைப் பார்த்தார். பாய் விஷயத்தில் அவருக்குக் குழப்பமே இல்லை. அந்த மனிதர் தெரியாமல் குடித்தால் பாவம் தம் தலையில் என்றார்.

அன்று முதல் ரகசியத்துக்கு நாங்கள் இரண்டு பேர். என் கணவருக்குக்கூடச் சொல்லவில்லை. அவர் லாரியில் ஏறினால் பார்க்கிற ஆளிடமெல்லாம் பேசுவார். மகன் தேறினான். கன்னத்தில் சதை வைத்தது. பக்கத்து வீட்டுக் குழந்தையும் தவழத் தொடங்கியது. பன்றிக்குட்டியும் நன்றாகப் பெருத்தது. பெட்டி கிறீச்சிட ஆரம்பித்தது. கடைசியில் ஒருநாள் பெட்டியே தேவைப்படவில்லை. அதற்குள் அதற்குப் படுதாவுக்கு உள்ளே இருக்கப் பிடிக்கவில்லை. செவலை மேயப் போனால் இதுவும் பின்னாலேயே போகும். செவலை அசைபோட்டால் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் வாயை மெல்லும். யாராவது பார்த்துக் கேட்டால், காட்டுப்பன்றிக் குட்டி வழி தப்பி வந்து சுற்றுகிறது என்று மாமனார் சொல்லிவிடுவார். திருநீறு மனிதர் சொன்னதால் நம்பினார்கள்.

பங்களாவில் தங்கியிருந்த ஜப்பான் சிப்பாய்கள் அவ்வப்போது லயத்துப் பக்கம் இறங்கி வருவார்கள். கோழி, முட்டை, வாழைத்தார் எது கண்ணில் பட்டாலும் அது அவர்களுடையது. அவர்களைக் கண்டால் நாங்கள் இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும். ஒரு பகல் நேரத்தில் ஒரே ஒரு சிப்பாய் தனியாக வந்தான். ஒல்லியாக, மீசை முளைக்காத முகம். செவலை சாணிக்குழிக்கு அருகில் கட்டிக்கிடந்தது. பக்கத்தில் பன்றிக்குட்டி.

அவன் துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டுக் குட்டியைத் துரத்தினான். அது செவலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் வயிற்றுக்கு அடியில் போய் நின்றுகொண்டது. அவன் குனிந்து, பசுவுக்கு அடியில் கையை விட்டு, குட்டியின் பின்னங்காலைப் பிடித்து இழுத்தான். பன்றி கத்தினால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். மலைச்சரிவு வரைக்கும் கேட்டது.

செவலை அதுவரை ஒரு கோழியைக்கூட முட்டியதில்லை. அன்றும் அது அவசரப்படவில்லை. கயிறு விட்ட அளவுக்குத் திரும்பி, குனிந்திருந்தவனின் பின்புறத்தில் நெற்றியை வைத்து, ஒரு மூட்டையை நகர்த்துவதைப்போல ஒரு தள்ளு தள்ளியது. அவன் சாணிக்குழியில் முகம் குப்புற விழுந்தான்.

எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநிமிடம் எல்லாக் கதவும் சாத்திக்கொண்டது. சிரித்துவிடுவோம் என்ற பயம் ஒரு பக்கம், சுட்டுவிடுவான் என்ற பயம் ஒரு பக்கம். எங்கள் வாசலில் நானும் குழந்தையும் மட்டும்.

அவன் எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு துப்பாக்கியைப் பார்த்தான். மாமனார் எங்கிருந்தோ ஓடிவந்து, செவலைக்கு முன்னால் நின்று, தலை முழங்காலில் படும் அளவுக்கு வளைந்து கும்பிட்டார். அவன் அவரை நிமிரச் சொல்லி இரண்டு கன்னத்திலும் அறைந்தான். சாணிக் கை என்பதால் சத்தம் பெரிதாக வரவில்லை. அதில் அவனுக்கு இன்னும் ஆத்திரம். மூன்றாவதாக ஒன்று கொடுத்துவிட்டுத்தான் தன்னையே குனிந்து பார்த்தான். சட்டை, கால்சட்டை, சப்பாத்து எல்லாம் சாணி. அவன் முகம் மாறியது. பங்களாவில் அவர்களுடைய மேலாள் அவர்களை வரிசையாக நிறுத்தி அறைவதை நாங்கள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறோம். இந்தக் கோலத்தில் அவன் அங்கே போக முடியாது. எனக்கு அது விளங்கியது. அவனுக்கும் எனக்கு விளங்கியது தெரிந்தது. கிணற்றைக் காட்டி, சட்டையை இழுத்துக் காட்டினான்.

நான் தண்ணீர் இறைத்தேன். மாற்றிக்கொள்ள என் கணவரின் கைலியைக் கொண்டுவந்து வைத்தேன். அவனுடைய உடுப்பை அலசி வேலியில் காயப்போட்டேன். அவன் கைலியைக் கட்டிக்கொண்டு, துப்பாக்கியை மடியில் வைத்தபடி, விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான். கைலி கட்டத் தெரியவில்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

செவலை இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. குட்டியைத் தலை முதல் வால் வரை நக்கி, மறுபடி வாலிலிருந்து தலைக்கு நக்கியது. குட்டி சமாதானமாகி, வழக்கம்போல முட்டிக்கொண்டு குடிக்கத் தொடங்கியது. இந்தத் தடவை நடுமுற்றத்தில், எல்லாக் கதவிடுக்கிலும் கண்கள் இருக்க. மடியில் பால் இறங்கியதைப் பார்த்த மாமனாருக்குக் கை சும்மா இருக்கவில்லை. வீங்கிய கன்னத்தோடு போய் மறுபக்கம் குந்திக் கறக்க ஆரம்பித்தார். சிப்பாய் அதைப் பார்த்தான். அவன் பாஷையில் ஒரே ஒரு சொல் சொன்னான். என்ன சொன்னான் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. மாமனார் ஒரு சிரட்டையில் பாலை ஊற்றி நீட்டினார். அவன் குடித்தான். மேலுதட்டில் வெள்ளை மீசை நின்றது. பிறகு ஈர உடுப்பையே மாட்டிக்கொண்டு, குட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். கைலியையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் என் கணவர் வந்தார். சிப்பாய் வந்தது, செவலை முட்டியது, அப்பாவுக்கு அறை விழுந்தது, வீட்டில் பன்றி பால் குடித்து வளர்வது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டார். எதற்கும் ஆச்சரியப்படவில்லை. கடைசியில் கைலியைச் சொன்னேன். அப்போதுதான் எழுந்து நின்றார்.

“இருந்ததே அது ஒண்ணுதான்டி. இனி நான் கோணிய கட்டிக்கிட்டா போறது?”

உண்மைதான். துணி கண்ணில் படாத காலம். கொஞ்ச நாள் அவர் என் பழைய சேலையை இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டு கரி கொட்டினார்.

ரகசியம் போய்விட்டதால் மறுநாள் கோயில் முன்னால் எல்லோரும் கூடினார்கள். மண்டோர்தான் ஆரம்பித்தார். அவருக்குத் தம் ஆட்டைப் பற்றிய குழப்பம் வேறு இருந்தது. பன்றி வாய் வைத்த மடியில் கறந்த பாலைக் குழந்தைகள் குடித்திருக்கின்றன, இதற்கு என்ன பரிகாரம் என்று கேட்டார். ஒருவர் தீட்டு என்றார். இன்னொருவர் கன்றுக்குட்டி மட்டும் பல் விளக்கிவிட்டா வாய் வைக்கிறது என்றார். மாமனார் பெருமாளையும் தாய்மாமன் முறையையும் எடுத்துச் சொன்னார். கன்னம் வீங்கியிருந்ததால் பாதி புரியவில்லை. பண்டாரம் நல்ல மனிதர், ஆனால் முடிவு சொல்லப் பயந்தவர். சாமிக்கு ஒரு செம்பாவது நல்ல பால் வேண்டாமா என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். கூட்டத்தில் அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

“சாமி எளனி குடிச்சாலும் இருந்துக்கும். எம்புள்ள இருக்காது,” என்றாள்.

அதற்குமேல் யாரும் தீட்டு பேசவில்லை. பன்றி பால் மறக்கும் வரை அபிஷேகத்துக்கு இளநீர் போதும் என்று பண்டாரம் சொல்லிவிட்டார். சொல்ல முடிந்ததே என்று அவருக்கே ஆறுதல். டீக்கடைப் பாய் அன்று சாயங்காலம் வீடு தேடி வந்தார். இத்தனை நாள் மனத்தில் ஒரு கோபம் வைத்திருந்ததாகவும், அதை இப்போது எடுத்துவிட்டதாகவும் சொல்லி, இல்லை என்று சொன்னதற்காக மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் மாமனார் கடைப்பக்கம் போனால் வறுத்த சோளத்தில் போட்ட கோப்பி இனாமாகக் கிடைக்கும். அதைக் குடிக்க வேண்டுமே என்றே அவர் சில நாள் சுற்றுவழியில் போவார்.

அந்தச் சிப்பாய் பிறகும் லயத்துக்கு வந்துபோனான். செவலை கட்டியிருந்தால் பாதையை விட்டு இறங்கி, தூரமாகச் சுற்றிக்கொண்டு போவான். அவன் பசுவுக்குக் கும்பிடு போட்டதாகச் சிலர் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

கதை ஓடையைத் தாண்டிச் சீனம்மா காதுக்கும் எட்டியது. கூம்புத் தொப்பியும் தோளில் காவடிக்கம்புமாக இறங்கி வந்தார். வயதில் மாமனாரைவிடக் கொஞ்சம் இளையவர். வீட்டில் அவர் ஒருவர்தான்; மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை, அந்த வருடங்களில் அப்படிக் கேட்கக் கூடாது. மாமனாருக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது மலாய்தான். இருவருக்குமே அது அரைகுறை. இருவரும் கையால்தான் அதிகம் பேசினார்கள்.

குட்டியைத் தூக்கப் போனார். செவலை அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. அவர் சாணிக்குழியைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். பிறகு என் இடுப்பில் இருந்த மகனைப் பார்த்து, அவன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டு, குட்டி இங்கேயே இருக்கட்டும் என்பதைப்போலத் தரையைக் காட்டினார். அடுத்த நாளிலிருந்து சீனிக்கிழங்குக் கொடியும் வாழைத்தண்டும் எங்கள் வேலியோரம் வந்து இறங்கும். பன்றிக்கு என்று கொண்டுவருவார். பாதியைச் செவலைக்குத்தான் வைப்பார்.

பன்றி வளர்ந்து பால் மறந்ததும் அவர் வந்து கூட்டிக்கொண்டு போனார். மாமனார் அதை அறுக்கக் கூடாது என்று கழுத்தில் கையை இழுத்துக் காட்டித் தலையாட்டினார். பெட்டைப் பன்றியை இந்தக் காலத்தில் எந்த முட்டாள் அறுப்பான் என்ற அர்த்தத்தில் சீனம்மாவும் ஏதோ சொன்னார். கூட்டிப்போனது வீண். பகலில் கொல்லைப் படலை முட்டித் திறந்துகொண்டு, ஓடையைக் கடந்து, செவலை மேயும் இடத்துக்கு வந்துவிடும். இரண்டும் அப்படியே நிற்கும். செவலை அதன் முதுகை நக்கும். இப்போது அது கன்றை விட அகலம், முடியும் முள்ளைப்போல. செவலைக்கு நாக்கு வலிக்காதா என்று நான் நினைப்பேன். பொழுது சாய்ந்தால் தானாகத் திரும்பிப் போகும். பால் மறுபடி கோயிலுக்குப் போக ஆரம்பித்திருந்தது. பன்றி பால் மறந்த பிறகும், அது எதிரில் வந்து நின்றால் செவலை பாலை இறக்கியது.

ஒரு வருடம் கழிந்திருக்கும். அடைமழை. விடிந்து நான் கொட்டாய்க்குப் போனால் செவலை வெளியே மழையில் நிற்கிறது. கயிற்றை எப்படி அவிழ்த்ததோ. உடம்பு முழுக்க நனைந்து, காது தொங்கி, வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே அதன் இடத்தில், அதன் வைக்கோலில், பன்றி படுத்துக் குட்டிகள் போட்டிருந்தது. இன்னும் போட்டுக்கொண்டிருந்தது. நான் மாமனாரைக் கூப்பிட்டேன். அவர் செவலையை உள்ளே தள்ளப் பார்த்தார், இடமும் இருந்தது. அது வரவில்லை. அத்தனை குட்டிகளையும் மிதித்துவிடுவோமோ என்று பயந்ததோ என்னவோ. எல்லாம் முடியும் வரை மழையிலேயே நின்றது. மாமனார் அதன் முதுகில் சாக்கைப் போர்த்திவிட்டு, தாம் நனைந்துகொண்டே மலைக்கு ஓடினார்.

சீனம்மா வந்து பார்த்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மேல் வரிசையில் ஒரு பல் தங்கம். குட்டிகளைக் கூடையில் எடுத்து வைத்தார். நல்ல திடமான ஒன்றைத் தேர்ந்து, இரண்டு கையாலும் ஏந்தி, மாமனாரிடம் நீட்டினார். அவருக்கு அன்பளிப்பு.

என் மாமனார் செவ்வாய் வெள்ளியில் வெங்காயம் தொடாதவர். வாங்கவும் முடியவில்லை, அந்த அம்மா நிற்கிற நிலையில் வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. குட்டியைக் கையில் வாங்கினார். அது அவர் விரலைச் சப்பியது. பிறகு தமக்குத் தெரிந்த மலாய் அத்தனையையும் கூட்டிச் சேர்த்து, இது என்னுடையதுதான், ஆனால் உன்னிடமே வளரட்டும் என்று விளக்கினார். சீனம்மா அதைப் புரிந்துகொண்டு தலையசைத்தார்.

அப்படியாக எங்கள் மாமனாருக்குச் சொந்தமாக மலைச்சரிவில் ஒரு பன்றி வளர்ந்தது. சீனம்மாவைக் காணும்போதெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்பார். “பெசார்” என்பார் அந்த அம்மா, பெரிதாக இருக்கிறது என்று கையை விரித்துக் காட்டி. மாமனார் திருப்தியாகத் தலையாட்டுவார். ஒவ்வொரு முறையும் கை இன்னும் கொஞ்சம் விரியும். வீட்டுக்கு வந்து என்னிடம் ரகசியமாகச் சொல்வார்: “இப்ப நல்ல பெருசாம்.”

ஜப்பான்காரர்கள் போனார்கள். கடைகளில் மெதுவாகச் சாமான்கள் தலைகாட்டின. ஒருநாள் சீனம்மா வந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு புதிய வெள்ளை வேட்டியை மாமனார் மடியில் வைத்துவிட்டு, செவலைக்கு வாழைத்தண்டு போடப் போய்விட்டார். மாமனார் அன்று எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. வேட்டியைப் பிரித்து, மடித்து, மறுபடி பிரித்தார். வெகு நாளாக அவர் நல்ல துணி கட்டிப் பார்த்ததில்லை.

“பன்னி வித்த காசு. இதக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போவக் கூடாது தாயி,” என்றார். “வேணாம்னும் வைக்க முடியாது. அந்த அம்மா மனசு என்னாவும்.”

மறுநாள் காலை அந்தப் புது வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பால் கறக்கப் போனார். அதன் பிறகு அது கிழிகிற வரைக்கும், கொட்டாய்க்குப் போகும்போது மட்டும் கட்டுவார். லயத்திலேயே வெளுத்த வேட்டியில் சாணி அள்ளிய மனிதர் அவர் ஒருவர்தான். செவலை வாலால் அடிக்கும்போது அதில் கறை படும்.